கைதியின் அரிக்கட்டு

நாவல் எழுதிப் பிழைக்கிறவனுக்கு க்ஷேத்திர கணிதத்தில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள், நான் 'கெனானிக்கல் ஷீஃப்' என்ற ஒன்றைப் பற்றிச் சில மாதங்களாகப் படித்து வருகிறேன். 'ஷீஃப்' என்றால் வயலில் அறுத்துக் கட்டுகிறோமே, அந்த அரிக்கட்டுத்தான். ஒரு வடிவத்தின் மேல் அங்கங்கே துண்டு துண்டாகக் கிடைக்கும் செய்திகளை, ஒன்றோடொன்று பொருந்தும்படி சேர்த்துக் கட்டுவது. 'கெனானிக்கல்' என்றால், நாம் பார்த்துக் கொடுக்காமல் அந்த வடிவம் தானாகவே வைத்திருப்பது.

பந்தின் மேற்பரப்பையும் வடையின் மேற்பரப்பையும் நினைத்துக்கொள்ளுங்கள். கலப்பெண்களைக் கொண்டு அவற்றின்மேல் ஒரு வகையீட்டுக் கோவை எழுதினால், அது சில புள்ளிகளில் பூஜ்யமாகலாம். சில புள்ளிகளில் முடிவிலியாகப் பெருகலாம். இரட்டைப் பூஜ்யத்தை இரண்டு என்றே எண்ணி, முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் பந்துக்கு எப்போதும் −2, வடைக்கு 0, இரண்டு துளையுள்ள வடைக்கு 2. துளைகளை இரட்டித்து 2 கழிக்க வேண்டும், அவ்வளவே. கோவையை நான் எழுதினாலும் நீங்கள் எழுதினாலும் விடை மாறாது. இந்தக் கணக்கின் வேர் 1857-ல் ரீமான் எழுதிய கட்டுரையில் இருக்கிறது.

ஆனால் என் மனத்தைப் பிடித்துக்கொண்டது, அந்தக் கட்டு பிறந்த இடம். பிரெஞ்சுக் கணித மேதை ழான் லெரே 1940-ல் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டு, 1945 வரை ஆஸ்திரியாவில் ஓர் அதிகாரிகள் முகாமில் கைதியாக இருந்தார். திரவங்களின் ஓட்டத்தை ஆராய்வதில் கைதேர்ந்தவர். அது தெரிந்தால் எதிரி தம்மை யுத்த வேலைக்கு இழுத்துக்கொள்வானே என்று அஞ்சி, தாம் வெறும் டோபாலஜிக்காரர் என்று காட்டிக்கொண்டார். யாருக்கும் பயன்படாது என்று தோன்றிய அந்தத் துறையில் உழைத்தபோதுதான் 'ஷீஃப்' என்ற கருத்துக்கு வித்து விழுந்தது. 1955-ல் ஸேர் அதை இயற்கணித வடிவியலுக்குக் கொண்டுவந்தார். இன்று அது இல்லாமல் அந்தத் துறையே நடவாது.

"உங்கள் கதைகளால் யாருக்கு ஐயா பிரயோஜனம்?" என்று ஒரு பெரிய மனிதர் ஒரு தடவை என்னைக் கேட்டார். அப்போது சிரித்து மழுப்பினேன். லெரேயைப் படித்த பிறகு அந்தக் கேள்வி வேறு விதமாக என்னை உறுத்துகிறது. பிரயோஜனம் என்று கேட்பவர் எல்லோரும் நல்லவர்களாக இருக்க வேண்டும் என்பதில்லையே! கேட்பவன் கையில் துப்பாக்கி இருந்தால் நான் எதை மறைப்பேன், மறைத்தபின் எழுத என்னிடம் என்ன மிஞ்சும்? விடை எனக்குத் தெரியவில்லை. மிஞ்சுவதுதான் என் சொந்தச் சரக்கு என்று மட்டும் தோன்றுகிறது.