ட்ரைப் எடுத்த சுவர்

தஞ்சைப் பெரிய கோயிலில் எல்லோரும் விமானத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். எனக்கோ அதன் அடித்தளத்தில் வரிவரியாக ஓடும் எழுத்துதான் கோயில். 1858-இல் அங்கே கேமராவோடு நின்ற லின்னேயஸ் ட்ரைப்புக்கும் அதே கிறுக்கு.

கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் கேப்டன் அவர். 1856-இல் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரரானார். சேலம், திருச்சி, ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை எல்லாம் அவர் படங்களில் உண்டு. ட்ரைப்புக்குக் கல் போதும். மெழுகு பூசிய காகித நெகட்டிவில் ஆள் அசைந்தால் கலைந்துபோவார். கல் பொறுமையாக இருக்கும்.

ரசிகர்கள் அவருடைய மதுரை மண்டபங்களையும் பர்மா படங்களையும்தான் கொண்டாடுகிறார்கள். எனக்குச் சம்மதமில்லை. அங்கெல்லாம் வெறும் வானத்தில் மேகம் தீட்டிச் சேர்க்கிற வேலையும் அவருக்கு உண்டு. தஞ்சைச் சுவரில் அந்தச் சாமர்த்தியத்துக்கு இடமே இல்லை. விமானத்தின் அடியில் ஓடும் கல்வெட்டைத் துண்டு துண்டாக 21 நெகட்டிவில் எடுத்து, வரிசையாக ஒட்டியிருக்கிறார். நீளம் 19 அடிக்கு மேல். ஒட்டின இடம் தெரிகிறது. வெயில் சாய்வாக விழுந்து எழுத்தின் குழிவும் தெரிகிறது.

அந்த வரிகளில் என்ன இருக்கிறது என்று அன்றைக்கு ஊருக்கே சரியாகத் தெரியாது. கட்டியது கரிகாலன் என்றும் கிருமிகண்ட சோழன் என்றும் கதை ஓடியது. தான் கொடுத்தது, அக்கா கொடுத்தது, தேவிமார் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொன்ன ராஜராஜனின் ஆணையைக் கல்வெட்டாய்வாளர் ஹூல்ட்ஸ் படித்தது 1880-களில்தான். பிரிக்காத கடிதத்துக்கு நகல் எடுத்த மாதிரி வேலை ட்ரைப்புடையது. அதையும் விட்டார்களா? 1859-இல் கவர்னராக வந்த டிரெவெல்யன், வீண் செலவு என்று புகைப்படத் துறைக்கே மூடுவிழா நடத்திவிட்டார்.

கொடுங்கையூர்க்காரனான எனக்குத் தஞ்சை தூரம், திருவொற்றியூர் பக்கம். ராஜேந்திரன் காலத்தில் அங்கே கருங்கல் விமானம் எழுப்பிய ரவி என்ற வீரசோழத் தச்சனின் பெயரைக் கல்வெட்டே சொல்கிறது. கட்டிய தச்சன் பெயர் நிலைத்த கோயில்கள் எத்தனை? ஆனால் தமிழ்நாட்டில் எத்தனையோ கோயில்களில் மணலைப் பீய்ச்சிக் கல்லைச் "சுத்தம்" செய்து இப்படிப்பட்ட எழுத்தை மழுங்கடித்தார்கள். எனக்குத் தெரிந்த ஒரு சிறு கோயிலில் கல்வெட்டு நடுவே துளை போட்டு சுவிட்ச் போர்டு மாட்டியிருக்கிறார்கள். மிச்ச வரிகள்மேல் மஞ்சள் எனாமல். கும்பாபிஷேகத்துக்குப் பத்திரிகை அடிக்கப் பணம் இருந்தது. பெயின்ட் டப்பாவைத் திறக்குமுன் அந்தச் சுவரை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை செல்போனில் எடுத்து வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.