எண்ணெயா, உப்பா?

மொட்டை மாடியில் இருக்கும் சோலார் ஹீட்டரில் தண்ணீர் சூடாகிறது, குழாயில் வருகிறது, அவ்வளவுதான். ஆனால் வளைந்த கண்ணாடிகளை வரிசையாக நிறுத்தி, வெயிலை ஒரே குழாயின் மீது குவித்து, அந்தச் சூட்டில் மின்சாரம் எடுக்க வேண்டுமென்றால்? குழாய்க்குள் எதை ஓடவிடுவது என்பதே பெரிய தலைவலி.

தண்ணீரையே விடலாமே என்று தோன்றும். 1913ல் கெய்ரோவுக்கு அருகே பிராங்க் ஷுமன் அப்படித்தான் செய்தார். அந்த நீராவியில் இயங்கிய பம்பு, வயல்களுக்கு நைல் நதித் தண்ணீரை இறைத்தது. தண்ணீர் மலிவு, தீப்பிடிக்காது. ஆனால் 300 டிகிரி செல்சியஸில் அது கொதிக்காமல் இருக்க, வளிமண்டல அழுத்தத்தைப் போல சுமார் 85 மடங்கு அழுத்தம் வேண்டும். கிலோமீட்டர் கணக்கில் நீளும் குழாய் முழுவதும் அதைத் தாங்க வேண்டும். செலவை யோசித்துப் பாருங்கள்!

அதனால் எண்ணெய்க்குப் போனார்கள். கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் 1984 முதல் 1990 வரை ஒன்பது நிலையங்கள் எழுந்தன. முதல் நிலையத்தில் கனிம எண்ணெய். சூடான எண்ணெயைத் தொட்டியில் சேமித்து, பொழுது சாய்ந்த பிறகும் மின்சாரம் எடுத்தார்கள். நல்ல யோசனைதான். 1999 பிப்ரவரியில் அங்கே 9 லட்சம் கேலன் தொட்டி வெடித்து எரிந்தது.

இன்னும் அதிக சூடு தேவைப்பட்ட நிலையங்களுக்குச் செயற்கை எண்ணெய் வந்தது. பைஃபினைல், டைஃபினைல் ஆக்சைடு இரண்டும் கலந்தது. 257 டிகிரியில் கொதிக்கும் என்பதால் இதற்கும் அழுத்தம் தேவை, ஆனால் தண்ணீருக்கு வேண்டியதில் ஒரு சிறு பங்குதான். இதன் எல்லை 400 டிகிரி. அதற்கு மேல் போனால் மூலக்கூறுகள் வேகமாக உடைந்து ஹைட்ரஜன் வெளிவரும். அது இரும்புக் குழாயையே ஊடுருவி, சுற்றியிருக்கும் கண்ணாடி உறைக்குள் புகுந்துவிடும். அங்கே இருப்பது பிளாஸ்க்கில் இருப்பது போன்ற வெற்றிடம். அது கெட்டால், பிடித்த வெயில் எல்லாம் வெளியே கசிய வேண்டியதுதான்.

சரி, உப்பு? சாப்பாட்டு உப்பு அல்ல. சோடியம் நைட்ரேட் 60, பொட்டாசியம் நைட்ரேட் 40 சதவீதம். இரண்டும் உரமாகவும் பயன்படுபவை. உருகிய நிலையில் 565 டிகிரி வரை தாங்கும், தானாக எரியாது, அழுத்தமும் வேண்டாம். பிறகென்ன, இதையே எல்லா இடத்திலும் விடலாமே?

இரவு வருமே! சுமார் 240 டிகிரிக்குக் கீழே போனால் இந்த உப்பு உறையத் தொடங்கும். உறைந்தால் அத்தனை குழாயும் அடைப்பு. பகலில் எவ்வளவு சூடு தாங்கும் என்பதை விட, வெயில் போன பிறகு அந்தத் திரவம் என்ன ஆகும் என்பதுதான் உண்மையான கேள்வி.

ஸ்பெயினில் 2011ல் தொடங்கிய ஜெமாசோலார் ஒரு கோபுர நிலையம். அங்கே வெயில் படும் குழாய்கள் எல்லாம் உச்சியில் ஒரே இடத்தில். மாலையானால் உப்பைக் கீழே தொட்டிக்கு வடித்துவிடலாம். தரையில் பரந்து கிடக்கும் குழாய்களை அப்படி தினமும் வடிக்க முடியாது. சிசிலியில் 2010ல் துவங்கிய ஆர்க்கிமிடி நிலையம் அதிலும் உப்பை ஓடவிட்டுப் பார்த்தது, வெறும் 5 மெகாவாட் அளவில்.

ஸ்பெயினின் அண்டசோல் நிலையத்தார் சமரசம் செய்துகொண்டார்கள். குழாயில் எண்ணெய், தொட்டியில் 28,500 டன் உப்பு. ஏழரை மணி நேரச் சேமிப்பு கிடைத்தது. ஆனால் எண்ணெயின் 400 டிகிரி எல்லையை உப்பும் தாண்ட முடியவில்லை.

நம் நாட்டில், ராஜஸ்தானின் நோக்கில் 2013ல் தொடங்கிய 50 மெகாவாட் நிலையத்தில் ஓடுவதும் அதே செயற்கை எண்ணெய்தான். அது 12 டிகிரியில் உறையும். தார் பாலைவனத்தின் டிசம்பர், ஜனவரி இரவுகள் அதைவிடக் குளிர்ந்தவை. பாலைவனம்தானே என்று எண்ணெயை இரவு முழுக்க அசையாமல் விட்டுவிட முடியாது.