முன் சக்கரத்துக்குப் பூட்டு

கோலார் தங்கவயலுக்கு வருகிற எவரும் சயனைடு மேடுகளைப் பார்க்காமல் திரும்ப முடியாது. சுரங்கத்திலிருந்து வெட்டியெடுத்த பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலால் பொன்னைப் பிரித்தபின் எஞ்சிய மண்ணே அங்கு குன்று குன்றாகக் குவிந்து கிடக்கிறது. 2001-ஆம் ஆண்டில் சுரங்கங்கள் மூடப்பட்டன. மேடுகள் மட்டும் அகலவில்லை. மழை பெய்தால் அந்த மண் கூழாகக் குழையும். அவற்றின் அடிவாரத்து வழிகளில் ஜீப் ஓட்டப் பழகியவன் நான். பழக்கியவர் என் தாய்மாமன். அங்கே நான் அறிந்த ஓர் இயந்திர உண்மையை நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தைவிட அதிகத் தொலைவு ஓடவேண்டும். ஜீப் போன்ற வண்டி ஒரு செங்கோண வளைவைக் கடந்தால் இந்த வேறுபாடு சுமார் 2 மீட்டர். இரண்டு சக்கரங்களும் தத்தம் வேகத்தில் உருள இடங்கொடுக்கும் பற்சக்கர அமைப்பே டிபரன்ஷியல். ஆனால் அதற்கு ஒரு குறை உண்டு. ஒரு சக்கரம் சேற்றில் பிடிப்பிழந்து வீணே சுழன்றால், கெட்டித் தரையில் நிற்கும் மற்றச் சக்கரத்துக்கும் போதிய விசை செல்வதில்லை; வண்டி நின்றுவிடும். இக்குறையைப் போக்கவே பூட்டு வந்தது. பூட்டினால் இரு சக்கரங்களும் ஒன்றாகவே சுழலும். நம் நாட்டு போர்ஸ் கூர்க்காவில் முன், பின் இரு அச்சுகளுக்கும் தனித்தனிப் பூட்டுகள் உண்டு.

பின் அச்சைப் பூட்டினால் வண்டி திரும்பச் சற்றே முரண்டு பிடிக்கும். முன் அச்சைப் பூட்டினாலோ, திரும்பவேண்டிய சக்கரங்களே நேரே போக முனைகின்றன. ஸ்டியரிங் கனக்கிறது, வளைவு அகன்றுவிடுகிறது, கெட்டித் தரையில் அச்சின் மூட்டுகள் முறியவும் கூடும்.

ஒரு மழைநாளில், பக்கவாட்டில் சரிந்த வழியொன்றில், நீர் அரித்த பள்ளத்தில் எங்கள் ஜீப் சிக்கிக்கொண்டது. இடப்புறம் ஆளுயரப் பள்ளம். "முன்பூட்டையும் போடட்டுமா, மாமா?" என்று கேட்டேன்.

"பின்பூட்டே போதும்டா. இந்தச் சரிவிலே முன்னதையும் போட்டா ரெண்டு சக்கரமும் சேர்ந்து வழுக்கும். அப்புறம் வண்டியோட மூக்கைப் பிடிச்சு நிறுத்த எதுவும் இல்லே, நேரே பள்ளந்தான்" என்றார்.

எண்ணிப் பார்த்தால் அது முற்றிலும் உண்மை. பூட்டாதபோது ஒரு சக்கரம் சுழன்றாலும் மற்றது தரையைப் பற்றி, வண்டி பக்கவாட்டில் சரியாமல் காக்கும். சக்கரத்தின் கீழ்க் கல் அடுக்கி, பின்பூட்டுடன் மெல்ல வெளியேறினோம். அப்பால் வந்த நேரான ஏற்றத்தில் மாமாவே முன்பூட்டைப் போடச் சொன்னார். ஜீப் திணறாமல் ஏறியது. வளைவு வருமுன் கழற்றச் சொன்னார்.

நண்பர்களே, இன்றைய வண்டிகள் சிலவற்றில் ஒரு பொத்தானை அழுத்தினாலே பூட்டு விழுந்துவிடும். போடுவது எளிது. முன்பூட்டை நேர்வழியில், மெதுவாகச் செல்லும்போது மட்டும் போடுவதும், திரும்புமுன் எடுத்துவிடுவதும் ஓட்டுபவரின் பொறுப்பு.