கொள்கையும் ஆதர்சமும்

அக்ரஹாரத்தைக் கிராமம் என்றே அழைக்கும் பாலக்காட்டுத் தமிழர்க்கு, மனிதனை வழிநடத்தும் நம்பிக்கையைச் சொல்ல வீட்டுத் தமிழில் கொள்கை என்றும், வீதி மலையாளத்தில் ஆதர்சம் என்றும் இரு சொற்கள் உண்டு. மலையாளத்தில் அரசாங்கம் வகுப்பது நயம்; உயிர்போயினும் விடத்தகாததே ஆதர்சம். நாமோ மதுக்கடைகளைப் பற்றிய சர்க்கார் தீர்மானத்தையும் சத்தியத்தையும் கொள்கை என்ற ஒரே பெயரால் அழைத்துவருகிறோம். இது எனக்கு மெய்யான வருத்தம். ஆயினும், செய்தல் செய்கையானதுபோலக் கொள்ளுதலே கொள்கையாயிற்று என்று எண்ணும்போது, கொண்டவன் விட்ட கணமே அது கொள்கையாய் இராது என்னும் கண்டிப்பு அச்சொல்லுக்குள்ளேயே இருப்பது புலனாகிறது. ஆதர்சத்துக்குச் சமஸ்கிருதத்தில் கண்ணாடி என்றே பொருள். தன் முகத்தை அதில் பார்க்கத் துணியாதவனுக்கு அது உதவாது.

இவ்விரு சொற்களையும் ஒருங்கே நினைக்கும்போது என் மனத்தில் எழுபவர் டி. ஆர். கிருஷ்ணஸ்வாமி ஐயர். கல்பாத்தி அக்ரஹாரத் தெருக்களில் ஒடுக்கப்பட்ட ஈழவ சாதியார் நடக்கலாமா என்பதே 1924-இல் பெரும் விவாதமாக மூண்ட பாலக்காட்டில், வேதமும் ஆசாரமும் தழைத்த சமூகத்தில் பிறந்த அவர், அதற்கு முந்தைய ஆண்டிலேயே அகத்தேத்தறையில் சபரி ஆசிரமத்தை நிறுவி, எல்லாச் சாதிக் குழந்தைகளும் ஒருங்கே வசித்துக் கல்வி பயில வழிசெய்தார். சமத்துவத்தை மேடையில் போற்றுவோர் அக்காலத்திலும் பலர். ஹரிஜனக் குழந்தையோடு ஒரே கூரையின்கீழ் வாழ்வதற்கு வேண்டிய நெஞ்சுரமோ சிலருக்கே வாய்த்தது. காந்தியடிகள் அவ்வாசிரமத்துக்கு வந்திருந்ததைப் பாலக்காட்டார் இன்றும் பெருமையோடு சொல்வர்; அந்தக் குழந்தைகளின் அன்றாடப் பந்தியே எனக்கு அதனினும் பெரிதாகப் படுகிறது.

கல்வியும் சாஸ்திரமும் உடையவர்க்கே கொள்கை உரியது என்று எவரேனும் கருதினால், அவர் இடுக்கி மலைகளைப் பார்க்கட்டும். 2015 செப்டம்பரில், 10 சதவீத போனஸை ஏற்க மறுத்து 20 சதவீதம் கேட்ட மூணாறு தேயிலைத் தோட்டப் பெண்கள், பெரும்பாலும் தமிழர், தொழிற்சங்கத் தலைவர்களையும் விலக்கி நிறுத்தித் தாங்களே வீதியில் அமர்ந்தார்கள். பெம்பிளை ஒருமை என்று தங்களுக்கு அவர்கள் சூட்டிக்கொண்ட பெயரில்கூட எல்லைப்புறத்துப் பேச்சின் மணம் வீசுகிறது. கொழுந்து கிள்ளி வாழும் அவர்களுக்கு ஒவ்வொரு நாள் வேலைநிறுத்தமும் ஒரு நாள் கூலியின் இழப்பு. அவ்விழப்பை அறிந்தே ஒன்பது நாட்கள் தளராதிருந்து, கேட்டதைப் போனஸும் கருணைத்தொகையுமாகப் பெற்றார்கள். அந்த உறுதியைக் கொள்கை என்று அழைப்பதில் எனக்குச் சிறிதும் தயக்கமில்லை.