சுமைதாங்கி

ஊர்ப்புறச் சாலைகளில் இரு கற்களை நட்டு, அவற்றின்மேல் ஒரு கல்லைக் குறுக்காகக் கிடத்தியிருப்பதை அன்பர்கள் கண்டிருப்பீர்கள். தலைச்சுமையோடு நெடுவழி நடப்போர், பிறர் கையை எதிர்பாராமல் பாரத்தை இறக்கி இளைப்பாறுவதற்கு நம் முன்னோர் செய்த ஏற்பாடு அது. நாஞ்சில் நாட்டில் பிறந்த நான் அதனைச் சுமைதாங்கி என்றே அறிவேன். கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக அக்கல்லை நாட்டுவது வழக்கம் என்று எங்கள் ஆச்சி சொல்வார்.

அலுவல் நிமித்தம் திருவனந்தபுரத்தில் குடியேறிய பின்னரே, மலையாளத்தில் அதற்கு ‘அத்தாணி’ என்று பெயர் என அறிந்தேன். தமிழில் அத்தாணி என்றால் அரசன் கொலுவீற்றிருக்கும் மண்டபம். இங்கோ அது எளியவன் சுமை இறக்கும் கல். இவ்விரண்டில் எது உயர்ந்தது என்று எண்ணும்போதெல்லாம், இந்நகரில் வாழ்ந்து மறைந்த ஒரு மூதாட்டி என் நினைவில் எழுகின்றார். அவரே கவிஞர் சுகதகுமாரி அம்மையார். 1985ஆம் ஆண்டு அவர் தோற்றுவித்த ‘அபயா’ என்னும் அறநிறுவனம், ஆதரவற்ற பெண்களுக்கென அமைத்த இல்லத்திற்கு ‘அத்தாணி’ என்றே பெயரிட்டது.

அம்மையார் 1934இல் பிறந்தவர். தந்தையார் போதேசுவரன், விடுதலைப் போராட்ட வீரர், கவிஞர். தாயார் கார்த்தியாயினி அம்மா வடமொழி கற்பித்த பேராசிரியை. மகளோ தத்துவம் பயின்றார். கவிதையில் புகழ் பெற்றார். ‘ராத்ரிமழை’ என்னும் நூலுக்காக 1978இல் சாகித்திய அகாதெமியின் பரிசு அவரை அடைந்தது. அந்த அளவில் நின்றிருந்தாலும் அவர் பெயர் நிலைத்திருக்கும். ஆனால் அவர் நிற்கவில்லை.

பாலக்காட்டு மலைகளில் குந்திப் புழையின் குறுக்கே அணை கட்டி மின்சாரம் எடுக்கத் திட்டமிட்டபோது, அமைதிப் பள்ளத்தாக்கின் காட்டைக் காக்க எழுந்த இயக்கத்தில் அவர் முன்னணியில் நின்றார். மரத்தைப் போற்றி அவர் எழுதிய பாடல் அவ்வியக்கத்தின் குரலாயிற்று. மனிதனுக்கு விளக்கு வேண்டாமா, மரமா பெரிது என்று எள்ளியோரும் உண்டு. இறுதியில் திட்டம் கைவிடப்பட்டது. 1984இல் அக்காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

மரத்துக்காக அழுதவர் மனிதரை மறந்தாரா? நகரின் ஊளம்பாறையிலுள்ள மனநல மருத்துவமனைக்குள் சென்று, அந்நாளில் அங்கிருந்தோர் பட்ட துயரத்தை நேரில் கண்டார். கண்டவர் கண்ணீரோடு திரும்பிவிடாமல், அதனை நாடறியச் சொன்னார். அதிலிருந்து பிறந்ததே அபயா. மணிமேகலையில் ‘சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை’ என்றொரு பகுதி உண்டு. பசிப்பிணி தீர்த்த அந்நங்கை, அரசனிடம் தனக்கென ஏதும் கேளாது, சிறையை அறச்சாலையாக்கித் தருமாறு வேண்டினாள். அக்காதையை நான் படித்தது தேர்வுக்காக. அதன் பொருள் விளங்கியது அம்மையாரின் வாழ்வை அறிந்தபோதுதான்.

இவ்விடத்தில் என் குடும்பத்துச் செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்கு ஓர் அத்தை இருந்தார். தந்தையாருக்கு இளையவர். மணமாகி இரண்டே ஆண்டுகளில் சித்தம் கலங்கிப் பிறந்தகம் திரும்பினார். வீட்டின் பின்கட்டில், நெல் குவிக்கும் அறைக்குப் பக்கத்து அறையில் அவரை வைத்துப் பூட்டினார்கள். விருந்தினர் வந்தால், “அங்கே யாருமில்லை” என்று சொல்லும்படி சிறுவர்களாகிய எங்களுக்குக் கட்டளை. நானும் அவ்வாறே சொன்னேன். என் பள்ளிப் பருவத்திலேயே அத்தை அந்த அறைக்குள் இறந்தார். அப்போது அபயா தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. எங்கள் ஊருக்கும் திருவனந்தபுரத்துக்கும் எண்பது கிலோமீட்டர்கூட இல்லை. வறுமை எங்களைத் தடுக்கவில்லை, தொலைவும் தடுக்கவில்லை. நாணமே தடுத்தது.

1996இல் கேரள மாநில மகளிர் ஆணையம் அமைந்தபோது அதன் முதல் தலைவராக அம்மையார் பொறுப்பேற்றார். எண்பதை நெருங்கிய வயதிலும் ஆறன்முளை வயல்களில் விமான நிலையம் வருவதை எதிர்த்துப் போராடினார். 2020 டிசம்பர் 23ஆம் நாள் கொரோனா நோய் அவரைக் கொண்டுசென்றது. அப்போது அவருக்கு வயது 86. தம் உடல்மீது மலர்வளையம் வேண்டாம், தம் நினைவாக ஒரு மரம் நட்டால் போதும் என்று முன்னரே சொல்லி வைத்திருந்தார்.

அம்மையாரோடு நான் ஒரு சொல்லும் பேசியதில்லை. கோப்புகளோடு நாள் கழிக்கும் எளிய எழுத்தன் நான். ஆயினும், இத்தனை ஆண்டுகள் நண்பரிடமும் மறைத்த என் அத்தையின் கதையை இம்மலரில் எழுதத் துணிந்ததற்கு அவர் வாழ்வே காரணம். “அங்கே யாருமில்லை” என்று அன்று சொன்ன பொய்யை, “அங்கே ஒருத்தி இருந்தாள்” என்று இன்று திருத்திக்கொள்கிறேன்.

சாலைகள் அகலமாகும்போது சுமைதாங்கிகள் பெயர்க்கப்படுகின்றன. இறக்க இடமின்றிச் சுமப்போர் மட்டும் குறைந்தபாடில்லை. உங்கள் தெருவிலும் ஒரு பூட்டிய அறை இருக்கக்கூடும். அதன் கதவை ஒருமுறை தட்டிப் பாருங்கள். அம்மையாருக்கு நாம் செலுத்தும் அஞ்சலி அதுவேயாகும்.