நாற்பது நிமிஷம்

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு வந்திருந்த அன்பர்கள், பந்தியின் கடைசி இலையில் அமர்ந்து மூன்று முறை ரசம் வாங்கி உண்ட ஒரு பெண்ணை நினைவில் வைத்திருக்கக் கூடும். ஈரோட்டுப் பக்கத்தவர், பொறியியல் பயின்றவர், நாம் பணிபுரியும் ரயில்வே பட்டறைக்கு ஒரு கம்பெனியின் சார்பில் கணக்கெடுக்க வந்தவர். ஹிந்தி அவருக்கு அரைகுறை. விடுதிச் சாப்பாடோ அறவே ஒவ்வவில்லை. தமிழ்க் குரல் கேட்ட மாத்திரத்தில் வீட்டுக்கு அழைத்தோம். அன்று முதல் அவர் நம் இல்லாளுக்கும் தங்கை, நமக்கும் தங்கை. அவரால் நமக்கு நேர்ந்த ஒரு சங்கடத்தையே இங்கு எழுதப் புகுந்தோம்.

நாம் பத்தாம் வகுப்போடு நின்றோம். தந்தையார் பணியிலிருக்கையிலேயே காலமானபடியால் கலாசியாகச் சேர்ந்து, பின்னர் இலாகாத் தேர்வு எழுதிக் குமாஸ்தாவானோம். எட்டு ஆண்டுகளாகச் சக்கரப் பிரிவின் ரிஜிஸ்தர் நம் கையில் இருக்கிறது. பழுதுபார்க்க வரும் வேகனின் சக்கர ஜோடிகளைக் கழற்றி எங்கள் பிரிவுக்கு அனுப்புவார்கள். ஓடி ஓடித் தேய்ந்த சக்கரத்தை லேத்தில் ஏற்றிக் கடைந்து, உரிய வடிவத்துக்குக் கொண்டுவந்து, அளந்து பார்த்துத் திருப்பி அனுப்புவார்கள். எந்த ஜோடி எப்போது ஏறியது, எப்போது இறங்கியது என்று குறித்து வைப்பது நம் பொறுப்பு.

பட்டறையில் வேகன்கள் சக்கரத்துக்காக வரிசையில் காத்துக் கிடப்பது பழைய வியாதி. இரண்டாவது லேத்து வாங்கி, கொட்டகையையும் நீட்டி விடலாம் என்று ஒரு திட்டம் இருந்தது. செலவு கோடிக் கணக்கில். அதற்கு முன் கணிப்பொறியில் ஒரு முறை நடத்திப் பார்த்து விடுவோம் என்று மேலதிகாரிகள் கருதினார்கள். இதனை ஆங்கிலத்தில் சிமுலேஷன் என்பர். நாம் பாவனை ஓட்டம் என்றே எழுதுகிறோம்.

அதில் இரும்பும் இல்லை, எண்ணெய்ப் பிசுக்கும் இல்லை. வேகன் வந்தது, கிரேன் தூக்கியது, லேத்து ஏற்றுக்கொண்டது என்பவை யாவும் வெறும் நிகழ்ச்சிக் குறிப்புகளே. நம்மை வியக்க வைத்தது அதனுள் ஓடும் கடிகாரம். அது நிமிஷம் நிமிஷமாக நகர்வதில்லை. ஒரு நிகழ்ச்சியிலிருந்து அடுத்த நிகழ்ச்சிக்குத் தாவிவிடும். ஒன்றும் நடவாத இடைவேளையை அது பொருட்படுத்துவதே இல்லை. ஆகையால் பட்டறையின் ஓர் ஆண்டு வேலை சில விநாடிகளில் முடிந்து போகிறது. பிடிக்கவில்லையெனில் லேத்தை இடம் மாற்றி மீண்டும் ஓட்டலாம். ஒரு செங்கல்லைக்கூடப் பெயர்க்க வேண்டியதில்லை.

இதன் பூர்வோத்தரத்தையும் தங்கையே சொன்னார். 1946-ல் ஸ்டானிஸ்லா உலாம் என்னும் கணித அறிஞர் நோயிலிருந்து தேறிவரும்போது தனியே சீட்டாடிக் கொண்டிருந்தாராம். ஆட்டம் கைகூட எத்தனை வாய்ப்பு உண்டு என்று கணக்குப் போட்டுப் பார்த்து அலுத்தவர், நூறு முறை ஆடிப் பார்த்து எண்ணிவிட்டால் என்ன என்று எண்ணினார். அந்த எண்ணமே பின்னர் மாண்டி கார்லோ முறை எனப் பெயர் பெற்றது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் டோக்கர் என்பவர் ஓர் உருக்குக் கம்பெனியில் இருந்துகொண்டு, ஆலைகளைப் பாவனையாக ஓட்டும் பொதுத் திட்டம் ஒன்றை 1960-ஐ ஒட்டி அமைத்தார். இவ்வித வேலைக்குத் தாறுமாறான எண்கள் ஏராளமாகத் தேவைப்படும். அமெரிக்காவில் 1955-ல் பத்து லட்சம் இலக்கங்களைக் கொண்ட ஒரு புத்தகத்தை அச்சிட்டே வெளியிட்டார்கள். எண்களை எழுதியே வயிறு வளர்க்கும் நமக்கு இச்செய்தி மிகுந்த ஆறுதல் அளித்தது.

எங்கள் பட்டறை கணிப்பொறிக்குள் ஏறியது. ஏறியதும் ஒரு விபரீதம். அங்கே வரிசையே இல்லை! வெளியே தண்டவாளத்தில் பதின்மூன்று வேகன்கள் நிற்க, திரையில் ஒன்றோ இரண்டோ நின்றன. மெய்யான பட்டறையைப் போல் நடவாத பாவனையை வைத்துக்கொண்டு புது லேத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்ல இயலாது என்று தங்கை கையைப் பிசைந்தார். இரண்டு நாட்கள் நம் ரிஜிஸ்தரைப் புரட்டியவர், மூன்றாம் நாள் இரவு சாப்பிட வந்தபோது மெல்லக் கேட்டார்.

“அண்ணா, எட்டு வருஷத்தில் ஒரு சக்கரம்கூட முப்பத்தெட்டு நிமிஷத்துக்குக் குறையவில்லை, நாற்பத்திரண்டைத் தாண்டவும் இல்லை. லேத்தில் டூல் உடைவதே கிடையாதா?”

நம் முகம் போன போக்கை இல்லாள் கவனித்து விட்டாள். உண்மை இதுதான். ஒரு ஜோடிக்கு நாற்பது நிமிஷம் என்பது ஏட்டில் உள்ள அளவு. நமக்கு முன்னிருந்தவரும் நாற்பதையே எழுதினார், நாமும் எழுதினோம். எப்போதும் ஒரே எண்ணாக இருந்தால் தணிக்கைக்காரர் ஐயுறுவாரே என்று 38, 41 என மாற்றி மாற்றி எழுதும் சாமர்த்தியம் மட்டும் நம்முடையது. சராசரி சரியாகத்தானே இருக்கிறது, இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நாளது வரை எண்ணியிருந்தோம். அன்று அதையே தங்கையிடமும் சொன்னோம்.

அவர் வாதாடவில்லை. 20, 40, 60 என்று மூன்று சீட்டுகள் எழுதி, நம் மகளிடம் கொடுத்துக் குலுக்கி எடுக்கச் சொன்னார். நாற்பத்தைந்து நிமிஷத்துக்கு ஒரு ஜோடி வரும். சீட்டில் உள்ள எண்ணே கடையும் நேரம். குழந்தை எடுத்தவை 60, 60, 40, 60, 20, 20, 20, 40. எட்டு ஜோடிக்கு 320 நிமிஷம். சராசரி சரியாக நாற்பது. ஒவ்வொன்றும் நாற்பதாகவே இருந்திருந்தால் எதுவும் ஒரு நிமிஷங்கூடக் காத்திருக்காது. சீட்டுக் கணக்கிலோ எட்டில் ஐந்து காத்துக் கிடந்தன. ஐந்தாவது ஜோடி நாற்பது நிமிஷம் நின்றது. பிற்பாடு சிறிய எண்கள் விழுந்தபோது லேத்து சும்மா இருந்தது. சும்மா இருந்த அந்த நேரத்தை முன்னே தவித்த சக்கரத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்க முடியுமா? நாம் சராசரியை வைத்துக்கொண்டு ஏற்ற இறக்கத்தைத் துடைத்தெறிந்திருந்தோம். வரிசையோ அந்த ஏற்ற இறக்கத்தில் பிறந்தது.

மெய்யான நேரத்தைத் தர நாம் இசைந்தோம். ஆயினும் லேத்து மிஸ்திரியைக் கேளாமல் எழுத மனம் வரவில்லை. அவர் கான்பூர்ப் பக்கத்து முதியவர். கலாசியாக இருந்த காலத்தில் நமக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர். நல்ல சக்கரத்தை இருபத்தைந்து நிமிஷத்தில் கடைந்து விடுவார். அது வெளியே தெரிந்தால் ஏட்டு அளவைக் குறைத்து ஊக்கத்தொகையில் கை வைப்பார்கள் என்பது அவர் அச்சம். அச்சம் நியாயமானதே. நெடுநேரம் பீடியைப் புகைத்துக் கொண்டிருந்துவிட்டு, “எழுது மகனே, ஆனால் இரண்டு மணி நேரம் ஆனதையும் விடாமல் எழுது” என்றார்.

ஆறு வாரம் தனி நோட்டில் எழுதினோம். பெரும்பாலான ஜோடிகள் அரை மணியில் இறங்கின. பிரேக் இறுகி, உருளாமல் வழுக்கிய சக்கரங்கள்தாம் உயிரை வாங்கின. வழுக்கிய இடம் சூடேறிச் சட்டென்று குளிர்வதால் அங்கே இரும்பு அளவு கடந்து இறுகிப் போகும். டூல் முனை பட்டென்று உடையும். புது முனைக்கு ஸ்டோருக்குப் போய் இரண்டு கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்திடுபவர் தேநீருக்குப் போயிருப்பார்.

நோட்டில் இருந்ததைக் கொடுத்ததும் திரையில் பதினோரு வேகன்கள் நின்றன. வெளியே பதின்மூன்று. தங்கை முகத்தில் அன்றுதான் சிரிப்பைக் கண்டோம். அதன் பிறகே அவர் லேத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்க்கலானார். இரண்டாவது லேத்து வரிசையைக் குறைக்கத்தான் செய்தது. ஆனால், வழுக்கிய சக்கரங்களைப் பிரித்து இரவு முறைக்கு ஒதுக்கி, டூல் முனைகளை லேத்தின் அருகிலேயே பெட்டியில் வைத்து, கடைந்த ஜோடிகள் சிலவற்றைக் கையிருப்பாக வைத்தாலே ஏறத்தாழ அதே அளவு குறைந்தது.

கூட்டத்தில் அதிகாரி கேட்ட முதற்கேள்வி, “இந்த நேரங்கள் ரிஜிஸ்தரில் இல்லையே, எங்கிருந்து வந்தன?” என்பது. தங்கை நம் பக்கம் திரும்பாமல், பட்டறையில் அளந்தவை என்று மட்டும் சொன்னார். நாமே எழுந்து நின்றோம். கால் நடுங்கியதை மறைப்பதற்கில்லை. மிஸ்திரியின் ஊக்கத்தொகையைப் பற்றியும் சொன்னோம். அளவைக் குறைக்க மாட்டோம் என்று அதிகாரி வாய்மொழியாகக் கூறினார். மிஸ்திரியிடம் அதைத் தெரிவித்தபோது, “எழுத்தில் வாங்கினாயா?” என்று மட்டுமே கேட்டார். வாங்கவில்லை.

மறுவாரம் நம்மிடம் விளக்கம் கோரி ஒரு கடிதம் வந்தது. நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தோம். அது இன்னும் கோப்பிலே கிடக்கிறது. வெளியே இப்போது ஐந்தாறு வேகன்களே நிற்கின்றன. புது லேத்துக் கோப்பும் மூடப்படவில்லை. தங்கை புறப்பட்ட அன்று, இல்லாள் இரண்டு படி ரசப்பொடி அரைத்துக் கொடுத்தனுப்பினாள். அன்று மாலை வழுக்கிய ஜோடி ஒன்று இறங்கியது. ரிஜிஸ்தரில் 112 நிமிஷம் என்று எழுதினோம். நாற்பதுக்கென்று கோடு போட்ட கட்டம் ஆதலால் மூன்றாவது இலக்கம் அடுத்த கட்டத்துக்குள் போய்விட்டது.