மன்னிக்கும் உரிமை

திருக்குறளில் ஒற்றாடல் என்னும் அதிகாரத்தைக் கற்பிக்குந்தோறும், அரசன் ஒற்றரை ஆளவேண்டிய முறை அங்கே செவ்விதின் வகுக்கப்பட்டிருத்தலைக் காண்கின்றோம். ஆனால், அயல்வீட்டில் உயிர்நண்பனாய் வாழ்ந்தவனே ஒற்றன் என்பது ஒருநாள் வெளிப்படுமாயின், அவ்வயலவன் செய்யத்தக்கது யாது? இவ்வினாவை என்முன் நிறுத்தியது ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் நாடகமாகும்.

கனடாவில் வாழும் நம் பழைய மாணவர் ஒருவர் தூண்ட, 'தி அமெரிக்கன்ஸ்' என்னும் அந்நாடகத்தை முற்றாகப் பார்த்தேன். 2013 முதல் 2018 வரை 75 பகுதிகளாக ஒளிபரப்பாகிய அதனை ஆக்கிய ஜோ வைஸ்பேர்க், முன்னர் அமெரிக்க மத்திய உளவு நிறுவனத்திற் பணியாற்றியவர். 1980களில் வாஷிங்டன் நகரின் புறத்தே வாழ்ந்து பிரயாண முகவர் நிலையம் நடத்தும் பிலிப், எலிசபெத் என்னும் தம்பதியர் உண்மையிற் சோவியத் ஒற்றர். எதிர்வீட்டிற் குடியிருக்கும் ஸ்ரான் பீமனோ அத்தகையோரைத் தேடிப் பிடிக்கும் எவ். பி. ஐ. அதிகாரி. பிலிப்பும் அவனும் நெருங்கிய நண்பர்.

இறுதிப் பகுதி 1987 டிசெம்பரில் நிகழ்கின்றது. றேகனும் கோர்பச்சேவும் வாஷிங்டனில் ஏவுகணை ஒப்பந்தத்திற் கைச்சாத்திட்ட மாதம் அது. தப்பியோட முனையும் நண்பனையும் மனைவியையும் மகளையும், வாகனத் தரிப்பிடமொன்றில் ஸ்ரான் தனியனாய்த் துப்பாக்கியுடன் மறிக்கின்றான். நெடிய உரையாடலின்பின் வழிவிட்டு விலகுகின்றான்.

அவன் செய்தது சரியா, பிழையா? நாடகம் முடிந்து ஆண்டுகள் பல சென்றும் பார்த்தவர்களிடையே வழக்கு ஓயவில்லை. ஏற்ற கடமையைக் கைவிட்டான் என்பர் ஒரு சாரார். முன்பு நீனா என்னும் பெண்ணைக் காப்பதா, நாட்டின் இரகசியத்தைக் காப்பதா என்ற நிலை வந்தபோது அவன் நாட்டையே தேர்ந்தான். அவள் சோவியத் சிறையில் மாண்டாள். அத்துயரை மீண்டும் தாங்க அவனால் இயலவில்லை என்பர் மற்றொரு சாரார். கோர்பச்சேவுக்கு எதிரான சதியை அத்தம்பதியர் தம் நாட்டுக்கு அறிவித்தல் உலக அமைதிக்கு நன்று என்பாரும் உளர்.

இக்கதையை உயர்தர வகுப்பு மாணவர்க்குக் கூறினேன். அவர்களும் இவ்வாறே பிரிந்து வாதிட்டனர். அப்பொழுது, அதுவரை வாய்திறவாதிருந்த மாணவனொருவன் எழுந்து, "அந்தப் பிள்ளையின் சார்பில் யார் பேசினார்கள், சேர்?" என்று கேட்டான். வகுப்பு அமைதியுற்றது.

அவன் குறித்தது வேறொரு குடும்பத்தை. ஸ்ரானை நம்பித் தகவல் தந்த கெனாடி, சோபியா என்னும் சோவியத் தம்பதியர் கொலையுண்டனர். அவர்களின் சிறு மகன் அனாதையானான். கொன்றவள் எலிசபெத். ஸ்ரான் அதுபற்றி வினவியபோது, தாங்கள் கொல்லவில்லை என்று பிலிப் பொய்யுரைக்கின்றான். அம்மறுப்பைக் கேட்டபின்னரே ஸ்ரான் வழிவிடுகின்றான்.

என் கருத்து இதுவே. நட்பின் பெயரால் தன்னை ஏமாற்றியமையை மன்னிக்க ஸ்ரானுக்கு உரிமையுண்டு. அக்குழந்தைக்கு இழைக்கப்பட்ட தீங்கை மன்னிக்க அவனுக்கு உரிமையில்லை. அன்றியும், மன்னிப்பவன் தான் எதனை மன்னிக்கின்றான் என்பதை அறிந்திருத்தல் வேண்டும். உண்மையை மறைத்துப் பெற்ற மன்னிப்பு, கொடுத்தவனின் பெருந்தன்மையைக் காட்டலாம். பெற்றவனின் குற்றத்தைக் கழுவாது. ஆதலின், நாடகத்தைப் பார்த்தோர் ஸ்ரானைக் கூண்டிலேற்றி வாதிடுவதைவிட, அப்பொய்யைக் கூண்டிலேற்றுதல் தகும்.

நம்பிக்கையும் ஐயமும் ஒரே ஒழுங்கையிற் குடியிருந்த காலத்தில் வளர்ந்த என்போன்றோர்க்கு இது வெறும் நாடக வழக்காகத் தோன்றவில்லை. அயலவனை விட்டுக்கொடாமை அரிய பண்பு. அப்பண்பின் நிழலிற் பிறரொருவரின் கண்ணீர் மறைந்துபோகாதவாறு காத்தல் அதனினும் அரிது.

பெற்றோர் விட்டுச்சென்ற ஹென்றியிடம், அவன் கற்கும் விடுதிப் பாடசாலைக்கே சென்று உண்மையைக் கூறுபவனும் ஸ்ரானே. தான் அளித்த விடுதலையின் சுமையில் ஒரு பங்கை அவன் தானே சுமக்கின்றான். கெனாடியின் மகனிடம் சென்று பேசுவாரை நாடகம் நமக்குக் காட்டவில்லை. அவ்விடத்தை நிரப்பியவன், கடைசி வாங்கிலிருந்து எழுந்த நம் கல்லூரி மாணவனே.